பழைய ஜான்சன் படகு மோட்டாரில் தண்ணீர் பீய்ச்சவில்லை, பம்ப் போய்விட்டதா?

கேள்வி: அண்ணே, மாமா இறந்த பிறகு அவருடைய சம்பான் படகும் அதில் மாட்டியிருந்த ஜான்சன் 18 குதிரைத்திறன் மோட்டாரும் என்னிடம் வந்தன. அறுபதுகளில் வந்த மோட்டார் என்று மாமா சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரியான் ஆற்றில் தூண்டில் போடப் போவேன். படகுத்துறையில் நிற்கும் யமஹா மோட்டார்களில் எல்லாம் பின்பக்கத்திலிருந்து கயிறு மாதிரி தண்ணீர் பாய்கிறது. என்னுடையதில் அப்படி வருவதே இல்லை. மோட்டார் காலின் பின்பக்கத்துத் துளைகளிலிருந்து புகையோடு கொஞ்சம் தண்ணீர் தெறிக்கிறது, அவ்வளவுதான். ஒரு பட்டறையில் காட்டினேன். பம்ப் போய்விட்டது என்று, அதற்குள் சுற்றும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரை மாற்றினார்கள். மாற்றியும் அதே கதைதான். இப்போது எஞ்சினில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்துவிட்டால் தண்ணீர் பாயும் என்கிறார்கள். போடலாமா? இப்படியே ஓட்டினால் எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளுமா? (வாசகர், நிபோங் தெபால்)

பதில்: தம்பி, ஓட்டை போட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மோட்டார் தண்ணீர் பீய்ச்சவில்லை என்பது கோளாறு இல்லை. பீய்ச்சுவதற்கான துளையே அதில் கிடையாது. 1970களுக்கு முன்பு வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். நீங்கள் யமஹாவில் பார்க்கிற அந்தத் தண்ணீர்க் கயிற்றை டெல்டேல் என்பார்கள். பம்ப் வேலை செய்கிறது என்று ஓட்டுகிறவர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வதற்காகப் பிற்காலத்தில் சேர்த்த வசதி அது. அது இல்லாத காலத்தில் குளிரூட்டும் தண்ணீர் வெளியேறிய வழிதான் உங்கள் மோட்டாரின் பின்னால் புகையோடு தெறிப்பது. அந்தத் தெறிப்பு வருகிறது என்றால், பெரும்பாலும் தண்ணீர் மேலே ஏறி, எஞ்சினைச் சுற்றி, கீழே இறங்குகிறது என்று பொருள். எவ்வளவு ஏறுகிறது, போதுமான அளவு ஏறுகிறதா என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி. அதற்குப் பதில் சூட்டில் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தண்ணீர் போகிற பாதையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் உங்களால் எடைபோட முடியும். காரில் ரேடியேட்டர் இருக்கிறது, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். படகின் பின்னால் மாட்டும் இந்த அவுட்போர்டு மோட்டாரில் அது இல்லை. ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சி, ஒரு சுற்று சுற்றவிட்டு, வெளியே தள்ளிவிடும். கியர் பாக்ஸுக்கு மேலே, எஞ்சினின் சுழற்சியைக் கீழே கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி ஒரு சின்னக் கூடு இருக்கும். அதற்குள் ரப்பர் இதழ்கள் உள்ள இம்பெல்லர். கூட்டின் மையமும் ஷாஃப்டின் மையமும் ஒன்றல்ல, வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் விரிந்து, தண்ணீரைப் பிடித்து மேலே தள்ளும். வேகம் கூடும்போது இதழ்கள் தண்ணீரின் அழுத்தத்தில் சுவரைவிட்டு விலகிவிடும். அப்போது அது சாதாரணச் சுழல் பம்ப் மாதிரி வேலை செய்யும், படகின் ஓட்டமும் தண்ணீரை உள்ளே தள்ளிக் கொடுக்கும். ஆகவே தேய்ந்த இம்பெல்லர் பிடிபடுவது மெதுவாக ஓடும்போதுதான். மீன் இருக்கும் இடத்தில் அரை மணி நேரம் இழுவைத் தூண்டில் போட்டுக்கொண்டு மெல்லப் போகிறோமே, அப்போதுதான் சூடு ஏறும்.

பம்பிலிருந்து ஒரு செப்புக் குழாய் மேலே போகிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் வளையம் உண்டு. தண்ணீர் அதன் வழியாக ஏறி, புகை போகும் அறையின் சுவரைச் சுற்றி, சிலிண்டர்களைச் சுற்றி, பின்பக்கம் இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு வரும். உங்கள் 18 குதிரைத்திறன் மோட்டாரில் ஹெட்டின் மேல்பகுதியில் தெர்மோஸ்டாட் இருக்கும், சூடானதும் திறந்து தண்ணீரை விடும் சின்ன வால்வு அது. அதைத் தாண்டிய தண்ணீர், மோட்டார் காலின் உள்ளே, புகை இறங்கும் அதே கூட்டுக்குள் கொட்டும். அங்கே புகையையும் குளிரவைத்து, அதோடு கலந்து, தண்ணீருக்கு அடியில் வெளியேறும்.

அப்படியானால் பின்னால் இருக்கும் துளைகள் எதற்கு? மோட்டார் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது புகை வெளியேறும் வாய் ஆற்றுக்குள் மூழ்கி இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற மெதுவான புகைக்குப் பலம் போதாது. அதற்காகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு வழி விட்டிருக்கிறார்கள். புகை அந்த வழியே வரும்போது கூட்டுக்குள் கொட்டுகிற குளிரூட்டும் தண்ணீரில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அது ஒரே சீராகப் பாயாமல் துப்பித் துப்பித் தெறிக்கிறது. நீங்கள் வேகம் எடுத்ததும் புகை கீழே இருக்கும் பெரிய வாய் வழியே போய்விடும், பின்துளைகளில் தெறிப்பு குறைந்துவிடும். பலர் அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நின்றுவிட்டது என்று பயந்து மோட்டாரை அணைக்கிறார்கள். பார்ப்பதென்றால் கியர் போடாமல் மெதுவாக ஓடும்போது பாருங்கள்.

தெறிப்பையும் படிக்கப் பழகலாம். குளிர்ந்த மோட்டாரை ஸ்டார்ட் செய்ததும் முதலில் வெறும் புகை வரும். ஒரு நிமிடத்துக்குள் அதில் ஈரம் சேர வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை தெறிப்பு குறைவு. எஞ்சின் சூடாகி அது திறந்ததும் கூடும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கூடவே கொஞ்சம் நீராவி வந்தால் கவலை இல்லை, புகையின் சூட்டில் வருவது அது. ஈரமே இல்லாமல் காய்ந்த புகை மட்டும் வந்துகொண்டே இருந்து, பெயின்ட் கருகுகிற வாடையும் அடித்தால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

யமஹாக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். டெல்டேலில் வருவது மொத்தத் தண்ணீர் இல்லை, அதில் ஒரு சின்னக் கிளைதான். பம்ப் சுற்றுகிறது, தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதையில் உப்பும் சேறும் அடைத்திருந்தாலும், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலும், அந்தக் கயிறு மாதிரித் தண்ணீர் அழகாகப் பாய்ந்துகொண்டே இருக்கலாம். உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். தண்ணீர் பாய்ந்ததே என்று சொல்லிக்கொண்டு இறுகிப்போன எஞ்சினோடு பட்டறைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அந்தச் சின்னத் துளையில் ஒரு மணல் துணுக்கு அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றுவிடும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சரி, சூட்டுக்கு வருவோம். ஹார்ட்வேர் கடைகளில் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. பழைய மோட்டார் வைத்திருப்பவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதைவிடப் பிரயோஜனமான கருவி எனக்குத் தெரியவில்லை. படகு தண்ணீரில் இருக்கும்போது மூடியைக் கழற்றி, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டர் ஹெட்டில் ஸ்பார்க் பிளக்குக்குப் பக்கத்தில் குறிவையுங்கள். பெயின்ட் உள்ள இடமாகப் பாருங்கள், பளபளக்கும் உலோகத்தில் இது தப்பான கணக்குக் காட்டும். மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். 60 டிகிரி செல்சியஸை ஒட்டி, 70 வரை இருந்தால் நிம்மதியாக மீன் பிடிக்கலாம். 80ஐத் தாண்டினால் வீட்டுக்குத் திரும்பி மோட்டாரைப் பிரியுங்கள். 100ஐ நெருங்கினால் அங்கேயே அணையுங்கள். மேலுள்ளதும் கீழுள்ளதும் பெரிதாக வித்தியாசப்பட்டால் ஒரு பக்கத்துப் பாதையில் அடைப்பு இருக்கலாம்.

கருவி இல்லாத நாளில் கைதான். மோட்டாரை அணைத்த உடனே ஹெட்டைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு நொடி தாங்கும், அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்றால் அது சரியான சூடு. விரல் நுனியில் தண்ணீர் எடுத்து உதறினால் சொய்ங் என்று பொரிந்து ஓடுகிறதா? 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் தொட வேண்டாம். மேலே ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் மூடியில்லாமல் சுற்றுகிறது, பிளக் ஒயரும் அடிக்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தாயத்துக் கயிறோ சங்கிலியோ தொங்கினால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் ஓட்டிப் பார்ப்பதானால் ஒரு விஷயம் உண்டு. குழாயில் மாட்டி இரண்டு பக்கமும் கவ்வ வைக்கும் ரப்பர் கிண்ணங்களை உங்கள் மோட்டாரில் நம்ப வேண்டாம். புது மோட்டார்களில் தண்ணீர் புகும் துளைகள் கியர் பாக்ஸின் இரு பக்கங்களிலும் இருக்கும், கிண்ணம் சரியாக உட்காரும். அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் சிலவற்றில் புகுதுளை புரொப்பெல்லருக்கு மேலே பின்பக்கமாக, அங்கே படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் கேவிடேஷன் தட்டின் அடியில் இருக்கிறது. அங்கே கிண்ணம் பிடிக்காது. பிடித்த மாதிரி தெரிந்தாலும் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். காய்ந்து ஓடினால் ரப்பர் இதழ்கள் சில நொடிகளிலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் 200 லிட்டர் எண்ணெய் டிரம்தான் சரி. கேவிடேஷன் தட்டு முழுகி அதற்கு மேலும் நான்கு விரல் தண்ணீர் நிற்கட்டும், பம்ப் மூழ்கினால்தான் உறிஞ்சும். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் டிரம் நுரைத்துச் சூடாகிவிடும். திராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் பிடியை, கூட்ட வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வேண்டாம். அந்தப் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

இம்பெல்லர் மாற்றியது பற்றி உங்களிடம் ஒரு கேள்வி: கழற்றிய பழைய இம்பெல்லரை வாங்கி வைத்தீர்களா? இதழ்களை எண்ணினீர்களா? பட்டறைகளில் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு இதழ் பிய்ந்து போயிருந்தால் அந்தத் துண்டு எங்கேயோ இருக்கிறது. பெரும்பாலும் செப்புக் குழாயிலோ, அது எஞ்சினுக்குள் நுழையும் முதல் வளைவிலோ உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். இரண்டாவது, கியர் பாக்ஸை மறுபடி ஏற்றும்போது செப்புக் குழாயின் முனை ரப்பர் வளையத்துக்குள் போகாமல் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பது. ஒருவர் கீழிருந்து தூக்கிக்கொண்டே மேலே பார்க்க முடியாது, இரண்டு பேர் செய்கிற வேலை அது. வளையத்துக்கு வெளியே நின்றால் பம்ப் தள்ளும் தண்ணீர் பாதி வழியிலேயே கூட்டுக்குள் கொட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் பின்துளையில் ஈரம் தெறிக்கும். எஞ்சினைச் சுற்றாமலே தெறிக்கும். தெறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், சூட்டைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, ஷாஃப்டையும் இம்பெல்லரையும் இணைக்கும் சின்னச் சாவித் துண்டு. கிரீஸ் தடவாமல் வைத்தால் மாட்டும்போது நழுவி விழுந்துவிடும். இம்பெல்லர் ஷாஃப்டோடு ஒட்டிச் சுற்றுகிற மாதிரி இருக்கும், எதிர்ப்பு வந்ததும் நின்றுவிடும். நான்காவது, இம்பெல்லர் புதிது, ஆனால் அது உட்காரும் கூடும் அடித்தகடும் பழையது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், அல்லது ஒருமுறை சூடாகிக் கூடு இளகியிருந்தால், எத்தனை இம்பெல்லர் போட்டாலும் தண்ணீர் ஏறாது. நம் பக்கத்து ஆற்றுச் சேறு அரம் மாதிரி, அடித்தகட்டைச் சீக்கிரமே அறுத்துவிடும்.

இந்த நான்கையும் ஒரே மாலையில் தீர்த்துக்கொள்ளலாம். கியர் பாக்ஸைக் கழற்றுங்கள். உங்கள் மோட்டாரில் காலின் பக்கத்திலுள்ள சின்ன மூடியைத் திறந்து கியர் கம்பியின் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும், அதை மறந்து இழுத்தால் கம்பி வளையும். போல்ட்கள் உப்பில் இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம். துருநீக்கி எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் கொஞ்சம் சூடு காட்டித் திருப்புங்கள். அலுமினியத்துக்குள் போல்ட் முறிந்தால் அது வேறு தலைவலி. கழற்றிய பிறகு தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டுங்கள். ஒரு ரப்பர் குழாயைச் செப்புக் குழாயின் கீழ்முனையில் பொருத்தி, பைப்பை மெதுவாகத் திறந்து, தண்ணீரை மேலே அனுப்புங்கள். எஞ்சினைச் சுற்றிவிட்டு அது மறுபடி காலின் உள்ளே தாராளமாகக் கொட்ட வேண்டும். கொட்டினால் மேல்பாதை சுத்தம், குற்றம் பம்பில். தயங்கித் தயங்கிச் சொட்டினால் அடைப்பு மேலே. பம்பைத் தனியாகப் பார்க்க, கியர் பாக்ஸை ஒரு வாளித் தண்ணீரில் பம்ப் மூழ்கும்படி நிறுத்தி, டிரைவ் ஷாஃப்டை டிரில்லில் மாட்டி, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுழற்றுங்கள். நல்ல பம்ப் அந்த மெதுவான சுழற்சியிலேயே தண்ணீரைக் குபுகுபுவென்று மேலே தள்ளும். எதிர்த்திசையில் சுழற்றாதீர்கள், இதழ்கள் புரண்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துவிட்டீர்கள் அல்லவா, அதையும் பார்த்துவிடுங்கள். ஒரு பானைத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் போட்டு, அடுப்பை மெதுவாக எரியவிடுங்கள். 60 டிகிரியைத் தாண்டியதும் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதிக்கும்வரை மூடியே இருந்தால் தூக்கிப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் எஞ்சின் குளிர்ந்து ஓடும் என்று நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, மீனவர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிலிண்டர் தேவையான சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. மெதுவாக ஓடும்போது இருமும், பிளக்கில் எண்ணெய் படியும், உள்ளே கரி கட்டும். தண்ணீரை எஞ்சினுக்குள் கொஞ்ச நேரம் தங்கவைத்து எல்லா மூலைக்கும் போகச் செய்வதும் அந்தச் சின்ன வால்வுதான். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடும் மீன்பிடி மோட்டாருக்கு அது இல்லாமல் ஒப்பேறலாம். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் மெல்லப் போகிற உங்களுக்கு ஒப்பேறாது.

மேல்பாதையில் அடைப்பு என்றால் அது உப்பும் சுண்ணாம்பும் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும் சேறும் கலந்த கலவைதான். கிரியான் ஆறு கடலைத் தொடும் பக்கம் தண்ணீர் உப்புக் கரிக்கும், வற்றத்தில் சேறு கிளம்பும். இரண்டும் சேர்ந்து காய்ந்தால் சிமென்ட் மாதிரிதான். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரை வெதுவெதுப்பாக்கி, அந்தச் செப்புக் குழாய் வழியாகவே ஒரு சின்ன பம்பால் ஒரு மணி நேரம் சுற்றவிட்டுப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு அழுக்கு வெளியே வரும். பிறகு நல்ல தண்ணீரால் நிறைய அலச வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உப்பைக் கரைக்கிற வேகத்தில் அலுமினியத்தையும் அது தின்னும். அறுபது வயதை ஒட்டிய எஞ்சின் அதைத் தாங்காது. வினிகருக்கும் மசியவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, பாதைகளைக் கம்பியால் சுரண்டி எடுத்து, இடையில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மூடுவதுதான் வழி. ஒவ்வொரு முறை போய்வந்ததும் டிரம்மில் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டிவிட்டால் இந்த நிலைமையே வராது.

பின்துளைகளையும் மறந்துவிட வேண்டாம். மோட்டாரைக் கழற்றி வீட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டால் குளவி அந்தத் துளைகளில் மண்கூடு கட்டிவிடும். புகைக்கு வழி இல்லாமல் மெதுவாக ஓடும்போதெல்லாம் மோட்டார் அணைந்து அணைந்து போகும், கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். வளையும் கம்பியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி ஓட்டை போடும் விஷயம். பழைய மோட்டாருக்கு டெல்டேல் வைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் ஓடும் அறை எது, புகை ஓடும் அறை எது என்று நன்றாகத் தெரிந்தவர், கழற்றி மாற்றக்கூடிய ஒரு மூடியில் துளை போட்டு மரை வெட்டி வைத்துத் தருவார். மூடி கெட்டால் வேறு மூடி கிடைக்கும், சிலிண்டர் பிளாக் கெட்டால் மோட்டாரே போயிற்று. உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எஞ்சினிலேயே ஓட்டை போடலாம் என்கிறார்கள். இந்த மோட்டாரின் பிறவியிலேயே டெல்டேல் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் இம்பெல்லரை மாற்றியவர்கள் அவர்கள். அவர்கள் கையில் டிரில்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, நான் முன்பே சொன்ன மாதிரி, அந்தக் கயிறுத் தண்ணீர் உங்களுக்குத் தரப்போகும் தகவல் பாதிதான். அதற்கு ஆகும் பணத்தில் தெர்மாமீட்டரையும் பம்ப் கூட்டையும் வாங்கிவிடலாம்.

எஞ்சின் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். சூடு மீறினால் கட்டாயம் பிடிக்கும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் இரும்பு. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்துக்கு இடமிருக்காது, உரசி இறுகிவிடும். அதற்கு முன்னால் மோட்டார் சொல்லும். திராட்டிலைக் கூட்டியும் வேகம் குறையும், சத்தம் கனத்து டக்டக் என்று கேட்கும், வாடை வரும். அப்போது வேகத்தைக் குறைத்து, அணைத்து, மோட்டாரைத் தூக்கி, புகுதுளையில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆறுகளிலும் கடலிலும் பாதி நேரம் அதுதான் காரணம். பையை எடுத்துவிட்டுத் தானாக ஆறவிடுங்கள். சூடான ஹெட்டில் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் வெடிப்பு விடும், கேஸ்கெட்டும் போகும். சூட்டை அளந்து பார்த்துத் திருப்தியாகும்வரை ஆற்று வாயைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டாம். துடுப்பு எப்போதும் சம்பானில் இருக்கட்டும்.

அப்புறம் இம்பெல்லர் கணக்கு. டெல்டேல் இல்லாத மோட்டாரில் பம்ப் களைத்துப் போவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாள் பார்த்து மாற்றுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை. அடிக்கடி ஓட்டாவிட்டாலும் இதே கணக்குதான். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் மடங்கிய இதழ்கள் மடங்கியபடியே இறுகிவிடும்.

ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் செய்த அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு வாங்கிய கனடா நிறுவனமும் 2020இல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இதைக் கேட்டு, இனி சாமான் கிடைக்காது, மோட்டாரை இரும்புக் கடையில் போடு என்று சொல்வார்கள். போட்டுவிடாதீர்கள். இந்த மாடல்கள் ஏராளமாக விற்றவை, இம்பெல்லர், கூடு, ரப்பர் வளையம், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் வேறு நிறுவனங்கள் இன்னும் செய்து விற்கின்றன. படகில் மாட்டும் பிடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எழுத்து தெரியும். அறுபதுகளின் ஜான்சன் 18 என்றால் எண் எஃப்டி என்று தொடங்கும். அதை முழுசாக எழுதிக்கொண்டு போய் ஆர்டர் கொடுங்கள், கண்மதிப்பில் வாங்க வேண்டாம். இம்பெல்லரை மட்டும் கேட்காமல் கூடு, அடித்தகடு, சாவித் துண்டு, வளையங்கள் சேர்ந்த முழு செட்டாகக் கேளுங்கள். அந்தச் செட்டைப் போட்டு, பத்து நிமிடம் ஓட்டி, ஹெட்டின் இரண்டு சிலிண்டரிலும் என்ன டிகிரி காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள் தம்பி. 70க்கு மேல் இருந்தால் அடுத்து எதைப் பிரிப்பது என்று சொல்கிறேன்.